யுகுலேலே: தந்தி உயரமும் இறுக்கமும் – வாசகர் கேள்வி பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் யுகுலேலே பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விரல் வலி, சுருதி விலகல், இரைச்சல் என்று குறைகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும், எல்லாமே தந்தி எந்த உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு இறுக்கத்தில் நிற்கிறது என்பதில்தான் வந்து முடிகின்றன.

பதில்களுக்குள் போகும் முன் பெயர்களைச் சொல்லிவிடுகிறோம். யுகுலேலே என்பது கிட்டார் போன்ற, நான்கு தந்திகளுள்ள சின்னக் கருவி. தந்திகளின் பெயர் ஜி, சி, இ, ஏ. சோப்ரானோ, கான்செர்ட், டெனர் என்பவை சிறியதிலிருந்து பெரியதாக அதன் அளவுகள். பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு கார்டு. வீணையில் மெட்டு என்பது இங்கே ஃப்ரெட். தலைப்பக்கம் தந்திகள் ஏறி உட்காரும், பள்ளம் வெட்டிய சின்னக் கட்டை நட். உடல் பக்கம் குதிரைமேல், அதாவது பிரிட்ஜ்மேல், செருகியிருக்கும் மெல்லிய வெள்ளைப் பட்டை சாடில். ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளிதான் ஆக்‌ஷன்.

மகளுக்குக் கான்செர்ட் அளவு யுகுலேலே வாங்கினோம். திறந்த (விரல் வைக்காத) தந்திகள் நான்கும் சுருதிமானியில் சரியாகக் காட்டுகின்றன. ஆனால் எஃப் கார்டு பிடித்தால் அபசுரமாக ஒலிக்கிறது, முதல் ஃப்ரெட்டை அழுத்த விரலும் வலிக்கிறது. கருவியை மாற்ற வேண்டுமா? – அஸ்தம்பட்டி வாசகி

மாற்ற வேண்டாம் அம்மா. திறந்த தந்தி சுருதியில் இருந்து, முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் நட். விலை குறைந்த கருவிகளில் நட்டின் பள்ளத்தைப் போதிய ஆழத்துக்கு வெட்டாமலே அனுப்பிவிடுகிறார்கள். ஆழம் கூடிப்போனால் தந்தி இரையும், கருவி கடைக்குத் திரும்பி வரும். ஆழம் குறைந்தால் வாங்கியவர் விரல்தான் வலிக்கும். பல பிள்ளைகள் ஒரே மாதத்தில் கருவியை மூலையில் வைத்துவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது எங்கள் கருத்து.

சுருதி ஏறுவது ஏன்? தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது. நீண்டால் இறுக்கம் கூடும். இறுக்கம் கூடினால் சுருதி ஏறும். நட்டை ஒட்டிய இடத்தில் தந்தி வளைய இடம் குறைவு என்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் அதிக உயரம்கூடக் காதுக்குத் தெரியும். தடிமனான சி தந்தியில் இன்னும் நன்றாகவே தெரியும்.

இப்படிச் சோதியுங்கள். சுருதி சேர்த்தபின் ஒரு தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேல் என்ன இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம், சுமார் 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். அதில் ஒரு துண்டு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நட் சரி. மூன்று, நான்கு தாள் ஒன்றாக நுழைந்தால் நட் உயரம். ஒரு தாள்கூட நுழையாமல் தந்தி ஃப்ரெட்டில் படுத்துக் கிடந்தால் பள்ளம் ஏற்கெனவே ஆழம். நான்கு தந்தியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றவையும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பள்ளத்தை ஆழமாக்கத் தேவையான சாமான்கள் நம் ஊரிலேயே கிடைக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம் கேளுங்கள். கேஸ் வெல்டிங் சாமான் கடையில் நாசில் கிளீனர் செட் கிடைக்கும். பல கனத்தில் வட்ட ரம்பக் கம்பிகள் அதில் வரிசையாக இருக்கும். நட் பள்ளத்துக்கு ஊசி அரத்தைவிட இதுவே நல்லது. தந்தியின் தடிமனைவிட மயிரிழை அளவு மட்டுமே பெரிய கம்பியைத் தேர்ந்தெடுங்கள். பள்ளம் அகலமாகிவிட்டால் தந்தி பக்கவாட்டில் ஆடும்.

தந்தியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து பக்கத்தில் ஒதுக்கி வையுங்கள். கம்பியை ட்யூனர் பக்கமாக, அதாவது தந்தியை முறுக்கும் திருகுகளின் பக்கமாக, கீழே சாய்த்துப் பிடித்து மூன்று, நான்கு முறை மட்டும் இழுங்கள். சாய்வு முக்கியம்: ஃப்ரெட் பக்கமுள்ள விளிம்பில் தந்தி உட்கார வேண்டும். சாய்வு எதிர்ப்பக்கமாகப் போனால் தந்தி பின் விளிம்பில் நின்று, சித்தார் போல இரையும். சுருதிக் கணக்கும் தவறும். பிறகு தந்தியை மறுபடி ஏற்றி, முழுச் சுருதிக்கு இழுத்து, தாள் சோதனை செய்யுங்கள். தளர்ந்த தந்தியில் அளந்தால் அளவு பொய். இப்படி ஐந்தாறு முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கை மீறி ஆழமாகிவிட்டால் வழி இருக்கிறது. நட்டைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டி, பள்ளத்தில் ஆப்ப சோடாவை அடைத்து, மேலே ஃபெவிக்விக் ஒரு துளி விடுங்கள். உடனே கல்லாக இறுகிவிடும். மறுபடி வெட்டிக்கொள்ளலாம். எலும்பு நட் அளவுக்கு நாள்பட நிற்காது, ஆனால் பழகுகிறவர் கருவிக்குப் போதும்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி 3.6 மி.மீ. உயரம் இருக்கிறது. சாடிலை எவ்வளவு தேய்க்க வேண்டும்? – ஓமலூர் வாசகர்

அளந்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே முதல் நன்றி. சோப்ரானோ, கான்செர்ட் அளவுகளுக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 2.5 முதல் 2.8 மி.மீ. வரை வசதியாக இருக்கும். ஓங்கி அடித்து வாசிக்கிறவர்கள் 3 மி.மீ. வரை விடலாம். 2.2க்குக் கீழே போனால் பெரும்பாலான கருவிகள் இரையத் தொடங்கும்.

கணக்கு எளிது. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. அதனால் அங்கே எவ்வளவு குறைய வேண்டுமோ, அதைப்போல இரண்டு மடங்கு சாடிலில் குறைய வேண்டும். 3.6ஐ 2.7 ஆக்க வேண்டுமானால் 0.9 குறைப்பு; சாடிலில் 1.8 மி.மீ. ஆனால் நட்டைச் சரிசெய்யாமல் சாடிலுக்குப் போகாதீர்கள். நட் இறங்கினால் பன்னிரண்டாம் ஃப்ரெட் உயரமும் அதில் பாதி இறங்கும். நட்டில் 0.4 மி.மீ. எடுத்தால் இங்கே 0.2 தானாகக் குறைந்துவிடும். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் புதுச் சாடில் வாங்கத்தான் போக வேண்டியிருக்கும்.

வெட்டும் முன் இன்னும் ஒன்றைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் தந்தியை அழுத்தினால், ஆறு, ஏழாம் ஃப்ரெட் மேல் எவ்வளவு இடைவெளி? ஒன்றிரண்டு தாள் அளவு இருந்தால் கழுத்து நலம். அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. பெரும்பாலான யுகுலேலேயில் கிட்டார் போல உள்ளே இரும்புத் தண்டு கிடையாது, திருகி நிமிர்த்த முடியாது. அது பழுது பார்ப்பவர் வேலை. சாடிலைத் தேய்த்து அதை மறைக்கப் பார்த்தால், மேல் ஃப்ரெட்டுகளில் தந்தி உரசும்.

கழுத்து சரி என்றால், தந்திகளைத் தளர்த்திச் சாடிலை வெளியே எடுங்கள். எந்தப் பக்கம் ஏ, எந்தப் பக்கம் ஜி என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய அளவுக்குக் கோடு போடுங்கள். மேல்பக்கத்தைத் தொடவே கூடாது, அங்கே ஒவ்வொரு தந்திக்கும் சுருதிக் கணக்காக வளைவு செதுக்கியிருப்பார்கள். கண்ணாடியின் மேலோ கிரானைட் சமையல் மேடையிலோ 120 எண் உப்புத்தாளை ஒட்டி, சாடிலை ஒரு சதுரக் கட்டையோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். கோட்டுக்கு 0.3 மி.மீ. முன்னாலேயே நிறுத்தி, கருவியில் பொருத்தி, சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மீதியை 240 எண் தாளில் முடியுங்கள். எலும்புச் சாடில் என்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அடிப்பக்கம் துல்லியமான தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடிமேல் நிறுத்தி விரலால் தட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் ஒரு தந்தி ஓங்கியும் ஒரு தந்தி அமுங்கியும் ஒலிக்கும். சாடிலுக்கு அடியில் பிக்கப், அதாவது அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பட்டை, வைத்த கருவியில் இந்த வித்தியாசம் இன்னும் மோசமாகக் கேட்கும்.

தேய்த்தபின் பிரிட்ஜுக்கு மேலே சாடில் 2 மி.மீ. ஆவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தி சாடிலின் மேல் அழுந்தி உட்காராது, ஒலி சோர்ந்துபோகும். உங்கள் கருவியில் இப்போதே சாடில் தாழ்ந்திருந்து, உயரம் மட்டும் 3.6 என்றால் கழுத்துச் சேர்மானக் கோணத்தில்தான் குறை. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

ஏற்காட்டில் இருக்கும்போது மழை மாதங்களில் தந்தி தூக்கிக்கொள்கிறது. கோடையில் அதே கருவியைச் சேலத்துக்குக் கொண்டுவந்தால் இரைகிறது. கருவி கெட்டுவிட்டதா? – ஏற்காடு, பள்ளி இசை ஆசிரியை

கெடவில்லை. மரம் தன் வேலையைச் செய்கிறது. உங்கள் கருவியின் மேல்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழுமரம் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். ஒட்டுப்பலகை இவ்வளவு ஆடாது.

காற்றில் ஈரம் கூடினால் மரம் ரேகைக்குக் குறுக்கே ஊதுகிறது. மேல்பலகையின் ஓரங்கள் பக்கப் பலகையோடு ஒட்டியிருப்பதால் விரிய வழியில்லாமல் நடுப்பகுதி மேலே புடைக்கிறது. அதோடு பிரிட்ஜும் சாடிலும் ஏறுகின்றன, தந்தி உயர்கிறது. வறண்டால் எல்லாம் நேரெதிர்: பலகை உள்வாங்கி, தந்தி தாழ்ந்து, ஃப்ரெட்டில் உரசும். விரல்பலகை சுருங்குவதால் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். இதற்கும் மேலே வறண்டால் பலகை வெடிக்கும். புடைப்பைத் திருப்பிக் கொண்டுவரலாம், வெடிப்பு தழும்பாகவே நிற்கும். ஆகவே ஈரத்தைவிட வறட்சிக்கே அதிகம் பயப்பட வேண்டும்.

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் வீட்டில் இருந்த கருவி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரே மணி நேரத்தில் சித்திரை வெயிலில் இறங்குகிறது. மரம் அவ்வளவு சீக்கிரம் ஈடுகொடுக்காது. பெட்டியைத் திறக்காமல் நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துச் சுருதி சேருங்கள். நிறுத்திய காருக்குள் வைக்கவே கூடாது. வெயில் சூட்டில் பசை இளகி, தந்தி இழுக்கும் இழுப்பில் பிரிட்ஜ் பெயர்ந்துவரும்.

கருவி விரும்புவது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். மூடி இறுகப் பொருந்தும் கெட்டிப் பெட்டி ஒன்றும், அதற்குள் வைக்கச் சிறிய டிஜிட்டல் ஈரமானியும் வாங்குங்கள். துணி உறை தூசிக்கு மட்டும்தான். மழை மாதங்களில் ஏற்காட்டில் பெட்டிக்குள் 50 முதல் 100 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால் எப்போது சூடேற்றி உலர்த்த வேண்டும் என்று தெரியும். மானி 45க்குக் கீழே போனால் ஜெல்லை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். சேலத்தில் ஏ.சி. அறையில் வைக்கிறீர்கள் என்றால் பிரச்சினை திரும்பிவிடும், ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடும். துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் ஒன்றைப் பெட்டியின் தலைப்பகுதியில் வையுங்கள். சொட்டு நீர்கூட விழக் கூடாது.

இரண்டு ஊருக்கும் போய் வருபவர் நீங்கள். உங்களுக்கு இரண்டு சாடில் வைத்துக்கொள்வது நல்லது. மழைக்குத் தாழ்ந்தது ஒன்று, கோடைக்கு உயர்ந்தது ஒன்று. இரண்டு பருவத்திலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அளந்து எழுதிவையுங்கள். வித்தியாசம் 0.3 மி.மீ. என்றால் சாடில்கள் 0.6 மி.மீ. வித்தியாசத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் உயரம் தாங்காமல், கையில் இருக்கும் ஒரே சாடிலைத் தேய்த்துவிட்டு, பங்குனியில் வருந்துகிறவர்கள் பலர்.

தந்தியையும் கவனியுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சும், சுருதி அலையும். ஃப்ளோரோகார்பன் ஏறக்குறைய உறிஞ்சாது. மலையில் இருப்பவர்களுக்கு நாங்கள் ஃப்ளோரோகார்பனையே சொல்லுவோம்.

மீன்பிடி நரம்பும் யுகுலேலே தந்தியும் ஒன்றே என்கிறார்கள். அணைப் பக்கம் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. போடலாமா? – மேட்டூர் வாசகர்

ஃப்ளோரோகார்பன் நரம்பு என்றால் போடலாம், பொருள் ஒன்றுதான். சாதாரண நைலான் தூண்டில் நரம்பு வேண்டாம். மென்மையாக நீண்டுகொண்டே போகும், சுருதி நிற்க வெகுநாள் ஆகும்.

பொட்டலத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பவுண்டு எண் அறுபடும் பலம். அதற்கும் நாம் இழுக்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது மில்லிமீட்டரில் உள்ள விட்டம். 380 மி.மீ. தந்தி நீளமுள்ள கான்செர்ட்டுக்கு ஏ தந்தி 0.52, இ தந்தி 0.66, சி தந்தி 0.81, மேல் ஜி தந்தி 0.57 என்று எடுத்துக்கொண்டால், இறுக்கம் முறையே 4.3, 3.9, 3.7, 4.1 கிலோ. கூட்டினால் 16 கிலோ. நான்கும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரு தந்தி மட்டும் விறைத்தும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால் விட்டங்களின் பொருத்தம் தவறு என்று பொருள்.

இறுக்கம் எதைப் பொறுத்தது என்று தெரிந்துகொண்டால் எந்தச் சுருளையும் நீங்களே கணக்குப் போடலாம். தந்தியின் நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், ஒரு மீட்டர் தந்தியின் எடை மூன்றையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் நியூட்டனில் விடை வரும் (நீளம் மீட்டரிலும் எடை கிலோவிலும் இருக்க வேண்டும்). 9.8ஆல் வகுத்தால் கிலோ. ஏ 440, ஜி 392, இ 329.6, சி 261.6 ஹெர்ட்ஸ். ஃப்ளோரோகார்பனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.78 கிராம், நைலான் சுமார் 1.14. அதனால்தான் அதே இறுக்கத்துக்கு நைலான் தந்தி கால் பங்கு தடிமனாக இருக்கிறது: ஃப்ளோரோகார்பனில் 0.52 என்றால் நைலானில் 0.65.

நீளத்தின் வர்க்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். மேலே சொன்ன அதே நான்கு நரம்பையும் 345 மி.மீ. சோப்ரானோவில் போட்டால் மொத்தம் 13 கிலோ சொச்சம்தான், 430 மி.மீ. டெனரில் 20 கிலோவைத் தாண்டும். டெனருக்குப் பழகியவர் கையில் சோப்ரானோ தளர்ந்திருப்பது போலத் தோன்றும். இறுக்கம் குறைந்த தந்தி அதிக அகலத்துக்கு ஆடும், ஆகவே அதற்கு ஆக்‌ஷன் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

வாங்கியதும் மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 0.52, இன்னோரிடத்தில் 0.55 என்றால் அந்தத் துண்டு எந்த ஃப்ரெட்டிலும் சுத்தமாகப் பேசாது, வெட்டி எறியுங்கள். இந்த நரம்பு வழவழப்பானது. கட்டும் வகைப் பிரிட்ஜில் சி தந்திக்கு ஒரு சுற்றுப் போதும்; மெல்லிய ஏ தந்திக்கு இரண்டு, மூன்று சுற்றுப் போட்டு, வால்முனை பிரிட்ஜின் பின் விளிம்புக்குக் கீழே அமுங்கும்படி விடுங்கள். மேல்பக்கத்திலேயே நின்றுவிட்டால் நள்ளிரவில் உருவிக்கொண்டு பலகையில் அறைந்து குழி விழும்.

கிட்டாரின் ஸ்டீல் தந்தி போட்டால் சத்தம் கூடுமா? – ஃபேர்லாண்ட்ஸ்

போடாதீர்கள். ஸ்டீல் தந்தி கிட்டாரில் ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும், அதற்கேற்ற கட்டைகள் உள்ளே இருக்கின்றன. யுகுலேலே 15, 20 கிலோவுக்குக் கட்டப்பட்டது. முதலில் பிரிட்ஜ் பெயரும், அது பெயராவிட்டால் மேல்பலகை குழியும்.

ஜி தந்தியை மேல் சுருதிக்குப் பதிலாகக் கீழ் சுருதிக்கு மாற்ற ஆசை. என்னென்ன மாற்ற வேண்டும்? – ஆத்தூர் வாசகி

தந்தி ஒன்று, நட்டில் ஒரு பள்ளம். மேல் ஜி 392 ஹெர்ட்ஸ், கீழ் ஜி 196. அதிர்வெண் பாதியாவதால் அதே இறுக்கம் வேண்டுமானால் எடை நான்கு மடங்காக வேண்டும். சுற்றுக்கம்பி இல்லாத ஃப்ளோரோகார்பன் 0.95 மி.மீ. போட்டாலும் கான்செர்ட்டில் 2.9 கிலோதான் வரும். மற்ற மூன்றும் நான்கை ஒட்டி நிற்க, இது மட்டும் தொய்ந்து இரையும். டெனரில் 3.7 கிலோ வரை வருவதால் அங்கே சரி. கான்செர்ட்டுக்கும் சோப்ரானோவுக்கும் உலோகம் சுற்றிய ஒற்றைத் தந்தியாக வாங்குங்கள். விரல் நகரும்போது கீச்சென்ற உரசல் கேட்கும், அது அதன் இயல்பு.

0.57 மி.மீ.க்கு வெட்டிய பள்ளத்தில் இந்தத் தந்தி இறங்காமல் மேலேயே உட்காரும். அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்த வேண்டாம். அகலப்படுத்தியபின் மேல் ஜிக்குத் திரும்ப நினைத்தால் மெல்லிய தந்தி அதில் ஆடும். எனவே பழைய நட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுப் புது நட் ஒன்றில் வெட்டிக்கொள்வதே எங்கள் யோசனை. தடித்த தந்தி அகலமாக ஆடுவதால் அந்தப் பக்கம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 0.2 மி.மீ. அதிக உயரம் விடுங்கள்.

கருவி முழுவதும் நன்றாக இருக்கிறது. ஏ தந்தியில் நான்காம் ஃப்ரெட்டில் மட்டும் இரைகிறது. – சூரமங்கலம் வாசகர்

அழுத்தும் ஃப்ரெட்டில் குறை இருக்காது, அதற்கு அடுத்த ஃப்ரெட்டைப் பாருங்கள். நான்கில் இரைந்தால் ஐந்தாம் ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. பழைய ஏ.டி.எம். அட்டையின் நேரான விளிம்பை நான்கு, ஐந்து, ஆறு மூன்றின் மேலும் படும்படி வெட்டி வையுங்கள். அட்டை ஊஞ்சல் போல ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். சில நேரம் ஃப்ரெட் தன் பள்ளத்திலிருந்து கிளம்பியிருக்கும். மரத்துண்டை வைத்து மேலே சின்னச் சுத்தியலால் தட்டினால் உட்கார்ந்துவிடும். மீண்டும் எழும்பினால் ஓரத்தில் மெல்லிய பசை ஒரு சொட்டு. உட்கார்ந்த பிறகும் உயரமாக இருந்தால் உச்சியை அரத்தால் தேய்த்து மறுபடி உருட்ட வேண்டும், அதைப் பழகியவரிடம் கொடுங்கள்.

திறந்த தந்தியில் மட்டும் இரைந்து, எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் நின்றுவிட்டால் நட் பள்ளம் ஆழம். எல்லா ஃப்ரெட்டிலும் இரைந்தால் சாடில் தாழ்வு, அல்லது கருவி வறண்டிருக்கிறது. இரைச்சல் எங்கிருந்து என்றே பிடிபடவில்லையா? ட்யூனர் திருகுகளையும், மேல்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தந்தி வால்முனைகளையும் முதலில் பாருங்கள். தம்புராவில் ஜீவா நூல் வைத்து நாம் வேண்டி வரவழைக்கும் கார்வை, இங்கே ஒரு தளர்ந்த திருகிலிருந்து வேண்டாமலே வந்துவிடும்.

புதுத் தந்தி போட்டு மூன்று நாளாகியும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கிறது. – வாழப்பாடி

இயல்புதான். நைலானும் ஃப்ளோரோகார்பனும் நீண்டு அடங்க நான்கு நாள் முதல் ஒரு வாரம் எடுக்கும். சுருதி சேர்த்தபின் தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே விரலால் ஒரு சென்டிமீட்டர் மென்மையாகத் தூக்கி விடுங்கள், மறுபடி சேருங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை செய்தால் சீக்கிரம் அடங்கும். ட்யூனரில் இரண்டு, மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம், சுற்று கூடினால் வழுக்கலும் கூடும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

பல்சக்கரம் இல்லாத பிரடை வகை ட்யூனர் என்றால் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று முடுக்கிப் பாருங்கள். முடுக்கி முடுக்கித் திருப்பவே முடியாமல் செய்துவிடாதீர்கள். சுருதி கிடைக்காமல் தந்தி ‘டிக்’கென்று தாவினால் நட் பள்ளம் இறுக்கம், பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள்.

இடது கைப் பழக்கம். தந்திகளைத் திருப்பிப் போட்டால் போதுமா? – அம்மாபேட்டை

ஓர ஜோடியான ஏயும் ஜியும் தடிமனில் நெருக்கம், பிரச்சினை இல்லை. நடு ஜோடிதான் இடிக்கும். சி தந்தி இ-யின் பள்ளத்தில் இறங்காது, இ தந்தி சி-யின் பள்ளத்தில் ஆடும். நட்டைக் கழற்றித் திருப்பி வைத்தால் சாய்வு தலைகீழாகும். புது நட் வெட்டிக்கொள்ளுங்கள், சாடிலின் மேல்வளைவு தந்திக்குத் தந்தி மாறியிருந்தால் அதையும்.

கர்னாடக இசை பாடுகிறேன். சுருதி ஐந்தரைக் கட்டை. யுகுலேலேயைக் கூடவே வாசிக்க எல்லாத் தந்தியையும் ஏற்றலாமா, இறுக்கம் தாங்குமா? – சேலம் வாசகி

சி தந்தி 1 கட்டை, ஜி 5 கட்டை. 5 கட்டைக்குப் பாடுகிறவர் தந்தியைத் தொடவே வேண்டாம், ஜி-யை ஆதாரமாக வைத்து வாசிக்கலாம். உங்களுக்கு அரைக் கட்டை கூடுதல். நான்கு தந்தியையும் ஒரு அரைச்சுரம் ஏற்றினால் இறுக்கம் 12 சதவீதம் கூடும்; 16 கிலோ இழுத்த கான்செர்ட் 18 கிலோ இழுக்கும். சோப்ரானோவும் கான்செர்ட்டும் இதைத் தாங்கும். முழுச்சுரம் ஏற்றினால் 26 சதவீதம் கூடும். சோப்ரானோவில் இது பழைய வழக்கம், டெனரில் வேண்டாம். யாராவது சுருதியை இறக்கச் சொன்னால், அரைச்சுரத்துக்கு 11 சதவீதம் குறையும், தாழ்ந்த ஆக்‌ஷன் வைத்த கருவி அப்போது இரையத் தொடங்கும்.

ஆனால் உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட்டு ஜி கார்டு பிடியுங்கள், ஐந்தரை வந்துவிடும். யுகுலேலேக்கென்று உள்ள சின்ன கேப்போவாக வாங்குங்கள். கிட்டார் கேப்போ கனம் அதிகம், அழுத்தமும் அதிகம், சுருதியை ஏற்றிவிடும். ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் வைத்து, மாட்டியபின் ஒருமுறை சுருதி பாருங்கள்.

கேப்போ போட்டதும் கருவி திடீரென்று கைக்கு இதமாகி, கார்டுகளும் சுத்தமாக ஒலிக்கின்றனவா? அப்படியானால் உங்கள் நட்டும் உயரம். அஸ்தம்பட்டி வாசகிக்குச் சொன்ன தாள் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள்.